தமிழை 0, 1 ஆக்குவது எளிது, திரும்பப் பெறுவது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் விரைவிலேயே கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. தங்கள் பெயரை பைனரியாக மாற்றிப் பார்ப்பது. பெயரை டைப் செய்து ஒரு பட்டனை கிளிக் செய்தால் வரிசையாக 0, 1 என்று வந்து நிற்கும். அதை அப்படியே காப்பி செய்து மறுபடி கொடுத்தால் பெயர் திரும்பி வரும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பெற்றோருக்கோ, "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வி.

பயன் இருக்கிறது. அதுவும் தமிழில் பைல் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பாண்ட்டுகளில் டைப் செய்து வைத்த தமிழ் பைல்கள் உங்களிடம் இருந்தால் அவற்றை இப்போதே யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். இனி யாரிடம் தமிழ் டைப்பிங் கொடுத்தாலும் யுனிகோடு பைல் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று புரிய, அந்தப் பிள்ளைகளின் விளையாட்டில் இருந்தே தொடங்குவோம்.

இரண்டே அடையாளம் எப்படிப் போதும்?

கம்ப்யூட்டருக்குள் எழுத்து கிடையாது, படம் கிடையாது, பாட்டு கிடையாது. இருப்பது இரண்டே நிலைகள். ஒன்றை 0 என்றும் மற்றதை 1 என்றும் எழுதிக் கொள்கிறோம். இரண்டை வைத்துக்கொண்டு இத்தனை எழுத்துகளை எப்படிக் குறிப்பது என்று மலைக்க வேண்டாம். நம் யாப்பிலக்கணம் இதைத்தான் செய்கிறது. நேர், நிரை என்று அசை இரண்டே வகை. இரண்டு அசை சேர்ந்தால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என்று நான்கு சீர். மூன்று அசை சேர்ந்தால் காய் நான்கும் கனி நான்கும் ஆக எட்டு. நான்கு அசை என்றால் பதினாறு. ஒவ்வோர் அசை கூடும்போதும் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது.

நேரை 0 என்றும் நிரையை 1 என்றும் எழுதினால் தேமா 00, புளிமா 10, கூவிளம் 01, கருவிளம் 11. பள்ளியில் வாய்பாடு சொல்லி அலகிட்டவர்கள் எல்லோரும் பைனரி படித்தவர்கள்தான். இதே கணக்கில் எட்டு இடங்கள் வைத்தால் 256 வகை கிடைக்கும். ஓர் இடத்துக்கு பிட் என்றும், எட்டு பிட் சேர்ந்த கூட்டத்துக்கு பைட் என்றும் பெயர்.

அட்டவணைதான் சாவி

256 வகை கிடைத்துவிட்டது. எந்த வகை எந்த எழுத்து? இதைச் சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். ஆங்கிலத்துக்கு 1963-ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற அட்டவணை வந்தது. அதில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-க்கு 65-ஆம் இடம். 65 என்பதை பைனரியில் எழுதினால் 01000001. பிள்ளைகள் கிளிக் செய்யும் பட்டனுக்குப் பின்னால் நடப்பது இவ்வளவுதான். எழுத்தை அட்டவணையில் தேடி எண்ணை எடுப்பது, எண்ணை 0, 1 ஆக எழுதுவது. திரும்ப மாற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்வது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 01000001 என்பதற்குச் சொந்தமாக எந்த அர்த்தமும் கிடையாது. அது 65 என்ற எண்ணாக இருக்கலாம், ஏ என்ற எழுத்தாக இருக்கலாம், ஒரு போட்டோவில் ஒரு புள்ளியின் நிறமாகவும் இருக்கலாம். எழுதியவர் பயன்படுத்திய அட்டவணை எதுவோ, படிப்பவரிடமும் அதே அட்டவணை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தும் எழுத்து கிடைக்காது.

தமிழுக்கு வந்த வினை

ஆங்கிலத்துக்கு எல்லோரும் ஒரே அட்டவணைக்கு வந்து சேர்ந்தார்கள். தமிழில் அப்படி நடக்கவில்லை. 1990-களில் ஒவ்வொரு சாப்ட்வேர் நிறுவனமும் ஒவ்வொரு பாண்ட் செய்தவரும் தத்தம் விருப்பப்படி அட்டவணை போட்டுக் கொண்டார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்தார்கள். ஒரு பாண்ட்டில் அடித்ததை இன்னொரு பாண்ட்டில் திறந்தால் குப்பையாகத் தெரிந்தது.

இதைச் சரி செய்ய முயன்றவர்கள் உண்டு. உலகத் தமிழர்கள் இணையத்தில் கலந்து பேசி டிஸ்கி என்ற அட்டவணையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு அட்டவணைகளையும், தமிழ் 99 கீபோர்டு முறையையும் ஏற்றது. ஆனால் கடைகளில் பழைய பாண்ட்டுகள் தொடர்ந்தன. பழகிய கை மாறுவது எளிதல்லவே!

ஓர் உதாரணம் பாருங்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பரவி, நம் ஊர் டி.டி.பி. கடைகளிலும் புழங்கிய பாண்ட் பாமினி. இதில் 'தமிழ்' என்று அடிக்க ஆங்கிலச் சின்ன எழுத்துகளான ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கையும், பிறகு அரைப்புள்ளியையும் தட்ட வேண்டும். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். ஹார்டு டிஸ்க்கில் பதிவாவது என்ன?

ஜே 106 = 01101010
கே 107 = 01101011
பி 112 = 01110000
ஓ 111 = 01101111
அரைப்புள்ளி 59 = 00111011

இவை அத்தனையும் ஆங்கில அட்டவணையின் எண்கள். அந்த பைலில் தமிழே இல்லை. தமிழ் இருப்பது பாண்ட்டின் படத்தில் மட்டும். பாண்ட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்.

யுனிகோடில் அப்படி இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொது அட்டவணை இது. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றுவிட்டது. அதன்படி 'தமிழ்' என்ற சொல்:

த 2980
ம 2990
இகரக் கொக்கி 3007
ழ 2996
புள்ளி 3021

இந்த எண்கள் வேறு எந்த மொழிக்கும் கிடையாது. 2980 என்றால் உலகத்தின் எந்த மூலையிலும், எந்த கம்ப்யூட்டரிலும், எந்த போனிலும் அது 'த' தான். யு.டி.எப்.-8 என்ற முறையில் இதை எழுதும்போது 11100000 10101110 10100100 என்று மூன்று பைட் ஆகும்.

நஷ்டம் யாருக்கு?

"பிரிண்ட் எடுக்கும்போது சரியாகத்தானே வருகிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. காகிதத்தில் வந்தால் போதும் என்று நினைத்த காலத்தில் அது நியாயமான கேள்வி. இன்றைக்கு இல்லை.

முதலில் தேடல். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரை பாமினியில் அடித்து சி.டி.யில் வைத்திருக்கிறீர்கள். அதில் உங்கள் தாத்தா பெயரைத் தமிழில் டைப் செய்து தேடினால் கிடைக்காது. ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு அந்த பைலில் தமிழ் எழுத்து எதுவும் தெரியவில்லை. அகர வரிசையில் பெயர்களை அடுக்கவும் முடியாது. ஆங்கில ஏ, பி, சி வரிசையில்தான் அடுக்கும்.

இரண்டாவது, பார்வையற்றவர்கள். திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துக் காட்டும் சாப்ட்வேர்கள் வந்துவிட்டன. யுனிகோடு தமிழைத் தமிழாக வாசிக்கின்றன. பழைய பாண்ட்டில் உள்ள 'தமிழ்' என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால், ஆங்கில எழுத்துகளை அர்த்தமில்லாமல் உளறும். ஒரு பாடக் குறிப்போ அரசு அறிவிப்போ இப்படி இருந்தால் ஒரு மாணவருக்கு, ஒரு குடிமகனுக்குக் கதவை அடைத்ததாகிறது. என்னைப் பொறுத்தவரை பழைய பாண்ட்டைக் கைவிட இந்த ஒரு காரணமே போதும்.

மூன்றாவது, காலம். இன்றைக்கு அந்த பாண்ட் இருக்கிறது, மாற்றித் தரும் சாப்ட்வேரும் இருக்கிறது. பெயரே தெரியாத ஏதோ ஒரு பாண்ட்டில் அடித்த பைல் என்றால் இன்றைக்கே சிரமம். இருபது வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளை அதைத் திறந்தால் யாரிடம் போய்க் கேட்பார்?

நம் மாவட்டத்துப் பாறைகளைப் பாருங்கள்

இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இரண்டு இடங்களுக்குப் போய் வரலாம்.

முதலாவது சித்தன்னவாசல். ஓவியம் உள்ள குகைக் கோயிலைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுவார்கள். மலையின் இன்னொரு பக்கம் ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது. கல் அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. அட்டவணைதான் தொலைந்து போயிருந்தது. பிராமி எழுத்துகளின் ஒலியை ஜேம்ஸ் பிரின்செப் 1837-ல் கண்டறிந்தார். தென்னகக் குகைகளில் உள்ளவை தமிழ்தான் என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டியது 1924-ல்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஐராவதம் மகாதேவன் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். பழந்தமிழ் பிராமியில் ஒரு முறைப்படி 'க' என்ற அடிப்படைக் குறியை 'க்' என்று படிக்க வேண்டும். அதோடு பக்கக் கோடு சேர்ந்தால் 'க'. இன்னொரு முறைப்படி அடிப்படைக் குறியே 'க' ஆகவும் இருக்கலாம், கோடு சேர்ந்தால் 'கா'. குறி ஒன்றுதான், அட்டவணை வேறு. எந்த முறை என்று தெரியாமல் படித்தால் சொல்லே மாறிவிடும். பிறகு புள்ளி வைக்கும் வழக்கம் வந்துதான் குழப்பம் தீர்ந்தது. பாமினி பைலை வேறு பாண்ட்டில் திறப்பவர் படும் பாடு இதுவேதான்.

இரண்டாவது குடுமியான்மலை. அங்கே பாறையில் சுமார் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில் சுரங்களை நான்கு நான்காக அடுக்கி வெட்டியிருக்கிறார்கள். ஒரே சுரத்தை ர, ரி, ரு, ரெ என்பது போல உயிரை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த உயிர் மாற்றம் எதைக் குறிக்கிறது? சுரத்தின் நுட்பமான அளவையா, வீணையை மீட்டும் விதத்தையா? அறிஞர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எழுத்தைப் படித்துவிடலாம். அந்த இசையை அப்படியே திரும்ப வரவழைக்க முடியவில்லை. மாற்றியவருக்குத் தெரிந்திருந்த விதி நமக்கு வந்து சேரவில்லை.

பாறையில் வெட்டியதற்கே இந்தக் கதி என்றால் சி.டி.யிலும் பென் டிரைவிலும் வைத்திருப்பதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாமா?

யுனிகோடில் குறையே இல்லையா?

இருக்கிறது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரவில்லை என்பது பெரிய குறை. 'கி' என்ற ஓர் எழுத்துக்கு ககரம், கொக்கி என்று இரண்டு இடங்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்று வாதிட்டவர்களின் உழைப்பில் டேஸ்-16 என்ற அட்டவணை உருவானது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்து ஆணை வெளியிட்டது.

இந்த விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு என் ஆலோசனை ஒன்றே. எல்லோரிடமும் இருக்கும் அட்டவணை எதுவோ அதுவே நல்ல அட்டவணை. விண்டோஸ் 2000 காலத்திலேயே யுனிகோடு தமிழ் வந்துவிட்டது. இன்று கையில் இருக்கும் சாதாரண போனிலும் அதுதான் இருக்கிறது.

"மூன்று மடங்கு இடம் பிடிக்கிறதே" என்பது இன்னொரு குறை. உண்மைதான். 'தமிழ்' என்ற சொல்லுக்கு பாமினியில் 5 பைட், யு.டி.எப்.-8 யுனிகோடில் 15 பைட். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 1500 குறிகள் வீதம் 300 பக்கப் புத்தகம் என்றால் மொத்தம் சுமார் 13.5 லட்சம் பைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பெரிதாக இருக்கும். இடத்தைக் காரணம் காட்டும் காலம் முடிந்துவிட்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் பைல் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். நான்கு வரியை காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழாகவே தெரிந்தால் யுனிகோடு. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தால் பழைய பாண்ட். வேர்டில் திறந்து அந்த வரியில் கர்சரை வைத்தால் பாண்ட் பெயர் மேலே தெரியும். அதைக் குறித்துக் கொள்ளுங்கள். உங்கள் அட்டவணைக்குச் சாவி அந்தப் பெயர்தான். டி.டி.பி. கடையில் அடித்த பைல் என்றால் பாண்ட் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடை மாறினாலும் ஆள் மாறினாலும் அந்தப் பெயர் உதவும்.

அடுத்து மாற்றுவது. பாமினி போன்ற பிரபலமான பாண்ட்டுகளில் இருந்து யுனிகோடுக்கு மாற்ற 2000-களிலேயே பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் வந்தன. இவை வெறுமனே எண்ணுக்கு எண் மாற்றுவதில்லை. பாமினியில் 'கெ' அடிக்கக் கொம்பை முதலில் தட்டிப் பிறகு ககரத்தைத் தட்ட வேண்டும். யுனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. இந்த வரிசையையும் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

மாற்றியதும் வேலை முடிந்தது என்று பழைய பைலை டெலிட் செய்துவிடாதீர்கள். ஒரு பொறி இருக்கிறது. தமிழுக்கு நடுவே ஆங்கிலம் கலந்த பைலில், ஆங்கிலத்தையும் கருவி தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். கல்யாணப் பத்திரிகையில் காலை 9 மணி என்பதற்கு 9 போட்டு ஆங்கிலத்தில் ஏ, எம் என்று சின்ன எழுத்தில் அடித்திருந்தால், மாற்றிய பிறகு '9 யஅ' என்று வந்து நிற்கும்! எது தமிழ், எது ஆங்கிலம் என்ற தகவல் பிட்டுகளில் இல்லை, பாண்ட்டில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆகவே மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். பெயர், முகவரி, தேதி உள்ள இடங்களில் கூடுதல் கவனம் வையுங்கள்.

சேமிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. பழைய விண்டோஸ் நோட்பேடில் சேவ் ஆஸ் கொடுத்தால் கீழே என்கோடிங் என்று ஒரு பெட்டி வரும். அதில் ஆன்சி என்று இருந்தால் யு.டி.எப்.-8 என்று மாற்றுங்கள். ஆன்சியில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகும். பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. 2019-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் இருந்து நோட்பேட் தானாகவே யு.டி.எப்.-8 எடுத்துக் கொள்கிறது.

இன்னொன்று. பைனரியாக மாற்றினால் ரகசியம் காக்கலாம் என்று சிலர் பாஸ்வேர்டை 0, 1 ஆக எழுதி வைக்கிறார்கள். வேண்டாம். அட்டவணை ஊரறிந்தது. எந்தப் பிள்ளையும் ஒரு கிளிக்கில் திருப்பிவிடும். மாற்றுவது வேறு, பூட்டுவது வேறு.

டி.டி.பி. கடைக்காரர்களுக்கும் அலுவலகங்களுக்கும்

பழகிய கீபோர்டை விடச் சொல்லவில்லை. பாமினி முறையில் அடித்துக்கொண்டே யுனிகோடு எழுத்தைப் பெறும் வசதி எப்போதோ வந்துவிட்டது. கை பழகியபடியே இருக்கட்டும், பதிவாகும் எண் மட்டும் மாறட்டும். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் அச்சுக்குப் போகும் பைலோடு ஒரு யுனிகோடு பிரதியும் கொடுங்கள். மலர், நினைவிதழ், சங்க அறிக்கை என்று அச்சாகும் ஒவ்வொன்றும் ஓர் ஊரின் வரலாறு.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு டைப் செய்து இலவசமாகத் தந்தது. முதலில் அன்றைய அட்டவணைகளில் வெளியிட்டவர்கள் பிறகு யுனிகோடுக்கும் மாற்றினார்கள். அதனால்தான் அந்த நூல்களை இன்றைய போனிலும் படிக்க முடிகிறது. ஒரு தன்னார்வக் குழுவால் ஆயிரக்கணக்கான பக்கங்களை மாற்ற முடிந்தது என்றால், ஒரு வீட்டின் இருபது பைல்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்ற முடியாதா?

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். தாங்களே படிக்க வேண்டும், தாங்களே போய் வர வேண்டும் என்பது அதன் நோக்கம். கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதே கொள்கைதான் சரி. நம் வீட்டுத் தமிழ், யாரோ ஒருவர் வைத்திருக்கும் பாண்ட்டை நம்பி இருக்கக் கூடாது. பிள்ளைகள் பெயரை 0, 1 ஆக்கி விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இது எந்த அட்டவணை?" என்று கேளுங்கள். அப்புறம் பீரோவில் இருக்கும் அந்தப் பழைய சி.டி.யை எடுத்துப் போடுங்கள்.